பாடத் தொடங்குகிறீர்களா? முதலில் உங்கள் கட்டையைக் கண்டுபிடியுங்கள்

நான் பாட்டு வகுப்பில் சேர்ந்தபோது எனக்கு 31 வயது. மும்பையில்தான், ஞாயிற்றுக்கிழமை காலை வகுப்பு, பன்னிரண்டு பேர், எல்லோருக்கும் சேர்த்து ஒரே சுருதிப்பெட்டி. அது 5½ கட்டையில் (கட்டை என்றால் நாம் பாடும் 'ஸ' எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்ற அளவு) வைத்தது வைத்தபடி இருக்கும். மேல்ஸ்தாயி வரிசை வந்ததும் என் கழுத்து நரம்பு புடைத்து, குரல் கீச்சென்று உடையும். ஆறாவது மாதம், "உங்களுக்குப் பாட்டுக்கான குரல் இல்லை, வீணை கற்றுக்கொள்ளுங்களேன்" என்று சொல்லிவிட்டார்கள். நான் அதை அப்படியே நம்பிவிட்டேன். நாலு வருஷம் சமையலறையில்கூட ஒரு வரி பாடவில்லை.

அப்புறம் செம்பூருக்குக் குடிவந்தோம். கீழ் மாடியில் ஒரு மாமி, எழுபதைத் தாண்டியவர், வீட்டிலேயே நாலைந்து பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லிக் கொடுப்பார். ஒருநாள் பேச்சுவாக்கில் இந்தக் கதையைச் சொன்னேன். "யாருடி சொன்னா குரல் இல்லேன்னு? உனக்குக் கனத்த குரல். நாலரைக் கட்டைக்காரிய அஞ்சரைல நிறுத்தினா எப்படி வரும்?" என்றவர், அங்கேயே சுருதியை 4½க்கு இறக்கி வைத்துப் பாடச் சொன்னார். மேல் காந்தாரம், அதாவது மேல் ஸ்தாயி 'க', தொண்டை இறுகாமல் வந்தது. மாமி வீட்டு ஊஞ்சலில் உட்கார்ந்து அழுதேன்.

இன்றைக்குப் பாட ஆசைப்பட்டு யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதைத்தான். குரல் நன்றாக இருக்கிறதா என்ற கேள்வியைத் தள்ளி வையுங்கள், உங்கள் கட்டை எது என்று பாருங்கள்.

முதலில் இடமும் நேரமும்

இருபது நிமிஷம் போதும், ஆனால் தினமும். நம் ஊர் ஃபிளாட்டுகளில் ஆறு மணிக்குத் தண்ணீர் வரும், ஏழு மணிக்குப் பக்கத்து வீட்டு டிவி தொடங்கிவிடும், நடுவில் கிடைக்கிற நேரத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான். அந்த இருபது நிமிஷத்துக்கு மின்விசிறியை அணைத்துவிடுங்கள். மும்பை வேர்வையில் கஷ்டம்தான், தெரியும். ஆனால் விசிறியின் இரைச்சலுக்கு மேலே பாட நம்மை அறியாமலேயே குரலை உயர்த்திக் கத்துவோம், அதோடு அந்த ரீங்காரம் சுருதியோடு கலந்து காதைக் குழப்பும். இதே காரணத்துக்காக லோக்கல் ரயிலில் வரும்போது பாடிப் பழக வேண்டாம். ரயிலில் கேளுங்கள், வீட்டில் பாடுங்கள்.

கட்டையைக் கண்டுபிடிப்பது

கட்டை என்பது ஆர்மோனியத்தின் கட்டைதான். வெள்ளைக் கட்டைகள் 1, 2, 3, 4, 5, 6, 7. அவற்றுக்கு நடுவில் வரும் கறுப்புக் கட்டைகள் 1½, 2½, 4½, 5½, 6½. மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் அரைக் கட்டை கிடையாது, அங்கே கறுப்பு இல்லை. மேற்கத்திய முறையில் 1 கட்டை என்பது சி, 2 டி, 5 ஜி. பின்னணியில் சுருதி ஒலிக்கவிடும் தம்பூரா ஆப்களில் பெரும்பாலும் இந்த எழுத்துகள்தான் இருக்கும் என்பதால் இதைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

இங்கே மும்பையில் இன்னொரு குழப்பமும் வரும். இந்துஸ்தானி ஆசிரியர்கள் வெள்ளையை 'சஃபேத்', கறுப்பை 'காலி' என்று தனித்தனியாக எண்ணுவார்கள். அவர்கள் 'காலி ஏக்' என்றால் நம் 1½, 'காலி சார்' என்றால் நம் 5½. ஆர்மோனியம் வாங்கப் போனாலோ, மராத்தித் தோழிகளோடு சேர்ந்து பஜனை பாடினாலோ இது உடனே உதவும்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. பெண்கள் 5½இல் தொடங்குங்கள், ஆண்கள் 1 கட்டையில். தம்பூராவை ஓடவிட்டு 'ஸ' பிடியுங்கள். அங்கிருந்து கீழே நி, த என்று இறங்கிப் பாருங்கள். அவை ஸ்வரமாகக் கேட்க வேண்டும், வெறும் காற்றாகப் போகக்கூடாது. மந்தர பஞ்சமம், அதாவது கீழ் ஸ்தாயி 'ப', பழகப் பழக வரும், இன்றைக்கே வராவிட்டால் கவலை வேண்டாம். பிறகு மேல் ஸ்தாயிக்கு ஏறி ரி, க தொடுங்கள். தாடை மேலே தூக்கினாலோ, புருவம் ஏறினாலோ, கழுத்து இறுகினாலோ அரைக் கட்டை இறக்குங்கள். கீழே காற்றாகப் போனால் அரைக் கட்டை ஏற்றுங்கள். இரண்டு பக்கமும் சிரமம் இல்லாமல் வருகிற இடம்தான் உங்களுடையது. பெரும்பாலான பெண்களுக்கு 4½இலிருந்து 6க்குள் எங்காவது அமையும், ஆண்களுக்கு 1இலிருந்து 2½க்குள். ஒரே நாளில் முடிவு செய்யாதீர்கள். மூன்று நாள், காலையில் ஒரு முறை மாலையில் ஒரு முறை பாருங்கள், ஏனென்றால் தூங்கி எழுந்தவுடன் எல்லோருக்கும் குரல் கனமாகத்தான் இருக்கும்.

ஒருமுறை முடிவு செய்த பிறகு அதைக் குறைந்தது ஆறு மாதம் மாற்ற வேண்டாம்.

உட்காருவதும் மூச்சும்

சம்மணம் போட்டு உட்காரலாம், முட்டி வலித்தால் நாற்காலி. முதுகு நேராக இருந்தால் சரி. மூச்சு இழுக்கும்போது தோள் ஏறக்கூடாது, வயிறும் விலாவும் விரிய வேண்டும். இது பிடிபடாதவர்கள் தரையில் மல்லாந்து படுத்து வயிற்றின் மேல் ஒரு புத்தகத்தை வைத்துக்கொள்ளுங்கள். மூச்சு உள்ளே போனால் புத்தகம் உயரணும், அவ்வளவுதான். பிறகு உட்கார்ந்து 'ஸ்ஸ்ஸ்' என்று ஒரே சீராக 15 விநாடி விடுங்கள், முதலில் வேகமாகக் கொட்டிவிட்டுக் கடைசியில் தவிக்காமல். இது ஐந்து முறை. மூச்சுக்கு இதற்கு மேல் நேரம் செலவழிக்க வேண்டாம், பாடும்போதே அது வளரும்.

ஸ: முதல் இரண்டு வாரம்

இதைத்தான் எல்லோரும் தாண்டிக் குதிப்பார்கள். தயவுசெய்து குதிக்காதீர்கள்.

போன் ஸ்பீக்கரில் தம்பூராவின் அடிநாதம் சரியாகக் கேட்காது. சின்ன புளூடூத் ஸ்பீக்கர் இருந்தால் வையுங்கள், இல்லாவிட்டால் ஒரு காதில் மட்டும் இயர்போன் மாட்டிக்கொண்டு மற்ற காதைத் திறந்து வையுங்கள், உங்கள் குரலைக் கேட்க. ஒரு நிமிஷம் வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டே இருங்கள். பிறகு வாயை மூடி 'ம்ம்ம்' என்று மெல்ல ரீங்காரம். உங்கள் 'ஸ' தம்பூராவிலிருந்து கொஞ்சம் விலகி இருந்தால் இரண்டு ஒலிக்கும் நடுவில் வவ்-வவ் என்று அலை அடிப்பதுபோல ஒரு அதிர்வு கேட்கும். நெருங்க நெருங்க அந்த அலை மெதுவாகும், சேர்ந்துவிட்டால் அடங்கிவிடும். அடங்கும் அந்த நொடியில் உங்கள் குரல் எங்கே, தம்பூரா எங்கே என்று பிரித்துச் சொல்ல முடியாது. மாமி இதைத்தான் "சுருதி முழுங்கிடுத்து" என்பார். எனக்கு முதல்முறை அது நடந்தது ஒன்பதாவது நாள், மழைக்காலத்தில் ஜன்னல் எல்லாம் சாத்திய அறையில். உதட்டில் ஒரு குறுகுறுப்பு, நெஞ்சில் ஒரு அதிர்வு, அதற்கப்புறம் ஒரு பெரிய அமைதி.

ரீங்காரம் சேர்ந்த பிறகு வாயைத் திறந்து 'ஆ' என்று அகாரமாகப் பாடுங்கள். வாய் நன்றாகத் திறக்கணும், தாடை தளர்வாகத் தொங்கணும். நம்மில் பலர் பல்லைக் கடித்துக்கொண்டே பாடுகிறோம், அதனால் குரல் மூக்குக்குப் போய்விடுகிறது. முதல் வாரம் ஸ மட்டும். இரண்டாம் வாரம் ஸ-ப-ஸ் (புள்ளி வைத்த ஸ் என்பது மேல் ஸ), பஞ்சமத்தையும் அதே போலத் தம்பூராவோடு சேர்த்து. சத்தமாகப் பாட வேண்டிய அவசியம் இல்லை, எதிரில் உட்கார்ந்திருக்கும் ஒருவரிடம் பேசுகிற அளவு போதும்.

சரளி வரிசை

கர்நாடக சங்கீதத்தில் சரளி வரிசை முதலான தொடக்கப் பாடங்கள் மாயாமாளவகௌளை ராகத்தில்தான் இருக்கும். 16ஆம் நூற்றாண்டில் புரந்தரதாசர் வகுத்த முறை என்பது மரபு. ஏன் இந்த ராகம்? ஸ-ரி பக்கம் பக்கம், ரி-க நடுவில் பெரிய தாவல், க-ம மறுபடி பக்கம். மேல் பாதியிலும் ப-த, த-நி, நி-ஸ் என்று அதே அமைப்புதான். கீழ்ப் பாதியைப் பிடித்துவிட்டால் மேல் பாதி அதன் நிழல்போலக் கூடவே வரும்.

முதல் வரிசை: ஸ ரி க ம ப த நி ஸ் - ஸ் நி த ப ம க ரி ஸ. ஆதி தாளம், எட்டு எண்ணிக்கை. தொடையில் ஒரு தட்டு, சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல், அப்புறம் தட்டு வீச்சு, தட்டு வீச்சு. முதல் காலத்தில் எண்ணிக்கைக்கு ஒரு ஸ்வரம், இரண்டாம் காலத்தில் இரண்டு, மூன்றாம் காலத்தில் நாலு. கை வேகம் மாறவே கூடாது, குரல்தான் வேகமாகணும். இரண்டாம் காலம் வந்ததும் எல்லோருடைய கையும் தானாகவே ஓடும். மாமி என் கையைத் தன் கைக்கு அடியில் வைத்து அழுத்திப் பிடித்துத்தான் அதை நிறுத்தினார். உங்களுக்கு அப்படி ஒரு கை இல்லாவிட்டால் சீராகத் தட்டுகிற மெட்ரோனோமை நிமிஷத்துக்கு 60 தட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

தினமும் ஒருமுறை போனில் பதிவு செய்து அடுத்த நாள் கேளுங்கள், அன்றே கேட்டால் காது தன் குரலுக்குச் சலுகை கொடுத்துவிடும். மூன்று இடத்தைக் கவனியுங்கள். ரிஷபம் (ரி) ஸ-வை ஒட்டியே இருக்கணும், சினிமாப் பாட்டுப் பழக்கத்தில் அது மேலே போய்விடும். நிஷாதம் (நி) மேல் ஸ்-க்கு மிக அருகில், அது பெரும்பாலும் சோம்பிக் கீழே நிற்கும். இறங்கி வரும்போது கடைசி ஸ தொடங்கிய இடத்துக்கே வந்திருக்கிறதா என்று தம்பூராவோடு பாருங்கள். ஒரு நாளைக்கு ஒரு தவறை மட்டும் திருத்துங்கள்.

மொத்தம் பதினான்கு சரளி வரிசைகள். பிறகு ஜண்டை, தாட்டு, அலங்காரம், கீதம் என்று அடுத்தடுத்த பாடங்கள் போகும். ஜண்டைக்கு வருவதற்குள் ஆசிரியர் ஒருவரைத் தேடிக்கொள்ளுங்கள், அதற்கு மேல் தனியாகப் போனால் தவறு ஊறிவிடும். மாதுங்காவிலும் செம்பூரிலும் வீட்டுக்கு வீடு கேட்டாலே கிடைப்பார்கள். சேரும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "என் கட்டையில் தனியாகப் பாட விடுவீர்களா?" அருகில் இந்துஸ்தானி ஆசிரியர்தான் இருக்கிறார் என்றால் அதுவும் நல்லதே. அவர்களுடைய பைரவ் ராகத்துக்கும் மாயாமாளவகௌளையின் அதே ஸ்வரங்கள்தான். ஆனால் இரண்டையும் முதல் வருஷத்தில் கலக்காதீர்கள், அசைவுகள் வேறு வேறு.

தொண்டை

வலித்தால் நிறுத்துங்கள், அன்றைக்கு அவ்வளவுதான். நாம் விழுங்குவது எதுவும் குரல் நாண்களைத் தொடுவதில்லை, அது உணவுக்குழாய் வழியாகப் போய்விடுகிறது. அதனால் பாடுவதற்கு முன்னால் கல்கண்டு சாப்பிடுவதைவிட நாள் முழுக்கத் தண்ணீர் குடிப்பதுதான் பலன் தரும். காறிக் காறித் தொண்டையைச் சரிசெய்யாதீர்கள், ஒரு மிடறு தண்ணீர் குடியுங்கள். கரகரப்பு மூன்று வாரத்துக்கு மேல் இருந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.

சினிமாப் பாட்டு எப்போது?

ஆசை இருந்தால் இன்றைக்கே பாடுங்கள், அதற்காகத்தானே பலர் வருகிறோம். ஆனால் கரோக்கி ஆப்பில் பாட்டு எந்தச் சுருதியில் வருகிறதோ அதிலேயே பாடாதீர்கள், அது அந்தப் பாடகரின் கட்டை. ஆப்பில் 'கீ' என்று ஒரு அமைப்பு இருக்கும். பாட்டின் மிக உயரமான வரியை முதலில் பாடிப் பாருங்கள், தொண்டை இறுகினால் ஒவ்வொரு படியாக இறக்கிக்கொண்டே வாருங்கள். ஒரு படி என்பது ஆர்மோனியத்தில் அடுத்தடுத்த இரண்டு கட்டைக்கு நடுவிலான தூரம், கறுப்பையும் சேர்த்து எண்ணினால். நான் ஒரு பழைய பாட்டை நாலு படி இறக்கித்தான் பாடுகிறேன், போன வாரம் மாமி வீட்டு நவராத்திரிக் கொலுவில் அப்படித்தான் பாடினேன்.