வெளிநாட்டில இருந்து பிள்ளையளோட வன்னிக்கு வாறீங்களோ? முதல் நாளை இப்பிடிக் கொண்டுபோங்கோ

என்ர தம்பி குடும்பம் லண்டனில. ரெண்டு வருசத்துக்கு முதல் ஆடி மாசம் பிள்ளையளோட முதல் தரம் கிளிநொச்சிப் பக்கம் எங்கட வட்டக்கச்சிக்கு வந்தவை. தம்பிக்கு இது ஊர், ஆனா பிள்ளையளுக்கு இது வேற நாடு, அதை நாங்கள் ஒருத்தரும் யோசிக்கேல்ல. எயார்போர்ட்டில இருந்து வாற வழியில வவுனியாவில மாமா வீடு, மாங்குளத்தில சித்தி வீடு எண்டு ஏறி இறங்கி வீட்ட வந்து சேர இரவு எட்டு மணி. சின்னவளுக்கு ஆறு வயசு, படலையடியிலயே சத்தி எடுத்துப்போட்டு "வீட்ட போவம்" எண்டு அழத் தொடங்கினவள் மூண்டு நாள் அழுதவள். போன வருசம் திரும்பி வரேக்க முதல் நாளை வேற மாதிரிச் செய்தம். அதைத்தான் எழுதிறன்.

வெளிக்கிட முதல் ஈடிஏ, அதாவது இலங்கைக்கு வர ஒன்லைனில எடுக்கிற விசா அனுமதி, எடுக்கோணும், அரசாங்கத்தின்ர சைட்டில மட்டும் எடுங்கோ, அதைப் போலவே இருக்கிற வேற சைட்டுகள் கனக்கக் காசு வாங்கும். சுற்றுலா விசா முதல் 30 நாளுக்குத்தான், ஒண்டரை மாசம் நிக்கிற பிளான் எண்டா நீடிக்கிறதையும் முதலே பாத்து வையுங்கோ. இரட்டைப் பிரஜாவுரிமை இருக்கிறவை ரெண்டு பாஸ்போட்டையும் கொண்டு வாங்கோ. கட்டுநாயக்காவில இறங்கினதும் அங்கயே ஒரு சிம் போட்டு, வழிச் செலவுக்குக் கொஞ்சக் காசு மாத்தினாக் காணும், சில்லறை நோட்டாக் கேட்டு வாங்குங்கோ. மிச்சத்தைக் கிளிநொச்சி பாங்கில மாத்தலாம்.

இப்ப வான் விசயம், இதைத்தான் நான் ஆகலும் சொல்ல வேணும். அநேகமா ஊரில இருந்துதான் வான் போகும். ட்றைவர் தம்பி இஞ்ச பகல் முழுக்க வேற ஹயர் ஓடிப்போட்டு, இரவு வெளிக்கிட்டு ஆறு ஏழு மணித்தியாலம் ஓடி விடியப்புறம் எயார்போர்ட்டில நிப்பார், உங்களை ஏத்திக்கொண்டு அப்பிடியே திரும்பவும் அவ்வளவு தூரம் ஓடுவார். எப்ப நித்திரை கொள்ளுறது அந்தப் பெடியன்? போன வருசம் நாங்கள் கூடக் காசு குடுத்து அவரை முதல் நாள் பின்னேரமே நீர்கொழும்புக்கு அனுப்பி, அங்க ஒரு ரூமில படுக்க விட்டனாங்கள். உங்கட பிளைட் ரிக்கெட்டோட பாத்தா அது ஒரு காசே இல்லை, தயவு செய்து அதில மிச்சம் பிடிக்காதேங்கோ. பின் சீற் பெல்ட் வேலை செய்யுதோ, ஏசி இருக்கோ, எல்லாம் சேத்து எவ்வளவு எண்டு முதலே வாட்ஸப்பில கேட்டு எழுத்தில எடுங்கோ. பிள்ளையளின்ர கார் சீற் இஞ்சத்தை வானில இராது, சின்னப்பிள்ளை எண்டா நீங்கள்தான் கொண்டு வரோணும்.

ரோட்டு நீர்கொழும்பு, சிலாபம், புத்தளம், அனுராதபுரம், மதவாச்சி, பிறகு வவுனியாவால ஏ9. புத்தளத்துக்கும் அனுராதபுரத்துக்கும் இடையில காட்டுப் பக்கம் யானை ரோட்டுக்கு வரும், அதால இரவில இறங்கிற பிளைட் எண்டா நீர்கொழும்பில படுத்திட்டு விடிய வெளிக்கிடுங்கோ. புத்தளத்தில காலமைச் சாப்பாடு, பிள்ளையளுக்கு உறைப்பில்லாத சூடான சாப்பாடு மட்டும். வெட்டி வச்ச பழம், ஐஸ் போட்ட யூஸ் வேண்டாம். தண்ணி மூடி உடைக்காத போத்தில். ரிசுப் பேப்பர் கையில இருக்கட்டும்.

வவுனியா தாண்டினா ஒரே ஒரு இடத்திலதான் நிக்கோணும், முறிகண்டிப் பிள்ளையாரடி. எந்த வாகனம் எண்டாலும் அதில நிண்டுதான் போகும். பிள்ளையின்ர கையில தேங்காயைக் குடுத்து அடிக்க விடுங்கோ. சின்னவள் போன வருசம் முதல் அடியில உடைக்கேல்ல, ரெண்டாவதில உடைஞ்சு தண்ணி காலில தெறிக்க அவள் சிரிச்ச சிரிப்பு! பிறகு சுடச்சுடக் கச்சான் சரை ரெண்டு, அதைக் கொறிச்சுக்கொண்டே கிளிநொச்சி வந்திடும்.

வீட்ட வந்ததும் முதல் கிணத்தடி. ஏழு மணித்தியால வான் புழுக்கத்துக்கு அதைப்போல மருந்து இல்லை. முதலில காலுக்கு ஒரு வாளி, பிறகு தோளுக்கு, கடைசியாத்தான் தலைக்கு, திடீரெண்டு ஊத்தினாப் பிள்ளை பயந்திடும். எங்கட பக்கத் தண்ணி கல்லுத் தண்ணி, கேத்திலுக்குள்ள வெள்ளையாப் படியும், சவர்க்காரம் நுரைக்காது, தலைமயிர் சிக்குப்படும், சம்பூவோட கொண்டிசனரும் கொண்டு வாங்கோ. குடிக்கிறதுக்கு வாங்கிற தண்ணிதான். சாப்பாடு சோறு, பருப்பு, கிழங்குப் பால்கறி, ஒரு முட்டைப் பொரியல். நண்டும் கணவாயும் நாளையிண்டைக்கு. ஜீவனி பக்கற் ரெண்டு வீட்டில இருக்கட்டும், வயித்தால போனா உடன கரைச்சுக் குடுக்கலாம்.

கனடாவில இருந்து வாறவை கவனம், அங்க 120 வோல்ட், இஞ்ச 230. போன் சார்ஜருக்குப் பிரச்சினை இல்லை, 120 வோல்ட்டுக்கு மட்டும் எண்டு போட்ட தலைமயிர் நேராக்கிற மெசினைக் குத்தினா எரிஞ்சிடும். பழைய வீடுகளில பிளக் உருண்டைப் பின், ஒரு அடப்டர் வேணும்.

பிள்ளையளுக்கு ஒரு கதையை அண்டைக்கே சொல்லிப்போடுங்கோ. வளவுக்கு வெளியில பத்தைக்குள்ள தனிய இறங்கக் கூடாது, மண்டையோடு போட்ட சிவப்புப் பலகையைக் கண்டா அந்தப் பக்கமே போகக் கூடாது, தெரியாத இரும்பைக் கையால தொடக் கூடாது. வன்னியில இன்னும் மிதிவெடி எடுத்து முடியாத இடம் இருக்கு. நாய் கடிச்சா, சின்னக் கீறல் எண்டாலும், உடன ஆஸ்பத்திரி. அவசரத்துக்கு 1990, இலவச அம்புலன்ஸ்.

இஞ்ச வீட்டுக்காரருக்கும் ஒண்டு. சொந்தக்காரரை அடுத்த நாள் பின்னேரம் வரச் சொல்லுங்கோ. ஆசையாத்தான் சனம் வரும், எனக்கு விளங்குது, பத்து வருசமாக் காணாத பிள்ளையளெல்லே. ஆனா நித்திரைக் கண்ணோட நிக்கிற பிள்ளையைக் கட்டிப்பிடிச்சு, தமிழ் கதைக்கத் தெரியுமோ எண்டு ஆளாளுக்குக் கேக்க அது கதவுக்குப் பின்னால போய் ஒளியும். போன வருசம் நான் எல்லாருக்கும் போன் எடுத்துச் சொன்னன், ரெண்டு பேருக்குக் கோவம்தான், பிறகு சரி.

நித்திரை எப்பிடியும் குழம்பும். ஆடி ஆவணியில இஞ்ச பின்னேரம் 2 மணி எண்டா லண்டனில காலமை 9.30, ரொறன்ரோவில விடியப்புறம் 4.30. மத்தியானம் ஒரு மணித்தியாலம் படுக்க விட்டு, நாலு மணிக்கு எழுப்பி முத்தத்தில விளையாட விடுங்கோ. இருட்ட முதல் கை காலுக்கு நுளம்புக் கிறீம், இரவு கட்டாயம் நுளம்பு வலை. அப்பிடியும் சாமத்தில முழிப்பினம், பேசாதேங்கோ. ரொயிலற் போற வழியில ஒரு லைற்றைப் போட்டு விடுங்கோ, பல்லி விழும் எண்டு பயப்பிடுவினம். மேசையில ரெண்டு கதலிப்பழமும் பிஸ்கற்றும் மூடி வையுங்கோ. சின்னவள் ரெண்டு மணிக்கு எழும்பி வந்து என்னோட விறாந்தையில இருந்து பழம் சாப்பிட்டவள், "மாமி, இஞ்ச வானத்தில ஏன் இவ்வளவு வெள்ளி?" எண்டு கேட்டவள், நான் சொல்லி முடிக்க முதல் என்ர மடியிலயே நித்திரை.