கடைசி வரியை விழுங்கும் ஃபங்ஷன்

சி மொழியில் நிரல் எழுதப் படிக்க ஆரம்பித்தவர்கள் சொந்தமாக ஒரு ஸ்ட்ரிங் பஃபர் (தேவைக்கேற்ப வளரும் எழுத்துச் சேமிப்பிடம்) லைப்ரரி எழுதாமல் விடுவதில்லை. அதில் ஃபைலிலிருந்து வரி படிக்கும் ஃபங்ஷனைச் சேர்க்கும்போது, அந்தக் காலத்தில் நாங்கள் இடறிய இடங்களிலேயே இவர்களும் இடறுகிறார்கள். நினைவகம் கேட்கும் மால்லாக், இடமில்லை என்று நல் தந்ததா எனப் பார்ப்பதையெல்லாம் வாத்தியாரே சொல்லிவிடுவார்; அவர் சொல்லாமல் விடுபவை இவை.

கடைசி வரி

வழக்கமான லூப் இப்படி இருக்கும்: ஒவ்வொரு எழுத்தாகப் படி, பஃபரில் சேர், நியூலைன் (வரி முடிவு எழுத்து) வந்தால் வெற்றி, இஓஎஃப் (இனிப் படிக்க எதுவும் இல்லை என்ற குறி) வந்தால் தோல்வி. கடைசி வரி நியூலைன் இல்லாமல் முடிந்தால்? வரி முழுவதும் பஃபரில் இருக்கும்போதே ஃபங்ஷன் கையை விரித்துவிடும். கிராஷ் கிடையாது, நினைவகப் பிழைகளைப் பிடிக்கும் வால்கிரைண்டும் வாய் திறக்காது.

ஓர் அலுவலகத்தில் தினசரி வசூல் ஃபைலின் கடைசிப் பதிவு மட்டும் இப்படிக் காணாமல் போனது. என்னவென்று பார்க்க யாராவது ஃபைலை விம் எடிட்டரில் திறந்து சேமித்தால் கணக்கு சரியாக வரும்! சேமிக்கும்போது விம் தானாகவே கடைசியில் ஒரு நியூலைன் போட்டுவிடும். ஆள் மாற்றி ஆள் டேட்டாபேஸைத் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

"நியூலைன் இல்லாவிட்டால் அது வரியே இல்லை, போசிக்ஸ் சொல்கிறது" என்று யூனிக்ஸ் தரநிலையைக் காட்டி வாதாடுபவர்களைப் பார்த்தால் இன்றும் எரிச்சல் வரும். வரையறை சரிதான். ஆனால் அதே போசிக்ஸின் வரி படிக்கும் ஃபங்ஷனான கெட்லைன் அந்த அரைகுறை வரியையும் தருகிறதே! சியின் எஃப்கெட்ஸும் தருகிறது. கிட் (Git) மென்பொருளின் ஸ்ட்ரிங் பஃபர் லைப்ரரியான ஸ்ட்ர்பஃப், இஓஎஃப் வந்து பஃபரின் நீளமும் 0 ஆக இருந்தால்தான் முடிந்தது என்கிறது.

சரி, இதை அப்படியே காப்பியடித்தால் போதுமா? கிட் படிக்கும் முன்பே பஃபரைக் காலி செய்துவிடுகிறது. உங்கள் ஃபங்ஷன் பழைய உள்ளடக்கத்தோடு ஒட்டுகிறது என்றால் நீளம் 0 ஆகவே ஆகாது, லூப்பும் நிற்காது. தொடக்க நீளத்தைக் குறித்துவைத்து அதோடு ஒப்பிடுங்கள். அப்புறம், இஓஎஃப் வந்தது ஃபைல் முடிந்ததாலா, டிஸ்க் பிழையாலா என்று எஃப்எரர் (ferror) ஃபங்ஷனைக் கேளுங்கள். பிழையில் அறுந்த வரியை முழு வரியாகக் கொடுத்தால் தொலைந்தது.

கெட்சி தருவது இன்ட்

ஓர் எழுத்தைப் படிக்கும் கெட்சி, இஓஎஃப்பை -1 என்று சொல்லும். அதை இன்ட்டில் (முழு எண்) வாங்காமல் ஒரே பைட் கொள்ளும் சார் மாறியில் வாங்கினால், எக்ஸ்86 (இன்டெல் வகை) லினக்ஸில் 255 என்ற பைட் -1 ஆகி ஃபைல் பாதியில் முடியும். ஆர்ம் சிப் லினக்ஸில் சாருக்கு மைனஸே கிடையாது, ஃபைல் முடியவே முடியாது.

பழைய பாயிண்டர்

அடுத்த வரி படிக்கையில், பஃபரைப் பெரிதாக்கும் ரீஅலாக் அதை இடம் மாற்றியிருக்கலாம். முந்தைய வரியின் முகவரியைப் பிடித்துத் தொங்காதீர்கள்.

ஸ்டர்லென் கழித்தல் 1

கடைசி நியூலைனை வெட்ட, ஸ்டர்லென் தரும் நீளத்தில் 1 கழித்து அந்த இடத்தைப் பார்ப்பது வழக்கம். ஆனால் 0 பைட் வந்ததும் ஸ்டர்லென் எண்ணுவதை நிறுத்திவிடும்; வரியின் முதல் பைட்டே 0 என்றால், பஃபருக்கு முந்தைய பைட்டில் நியூலைன் தேடுவீர்கள்.

கெட்ஸ்

பஃபரின் அளவைக் கேட்காமலே வரி படிக்கும் இந்த ஃபங்ஷனை, சி மொழியின் சி11 தரநிலை தூக்கி எறிந்துவிட்டது.