சிரட்டைக் கரியில் நுண்துளை: நீராவி முறை, படிப்படியாக

சிரட்டையைச் சுட்டால் கிடைக்கும் சாதாரணக் கரி எதையும் பெரிதாக உறிஞ்சாது. துளைகள் உள்ளே இருக்கும். தார் அவற்றை அடைத்திருக்கும். அந்த அடைப்பை எடுத்துத் துளைகளைப் பெருக்குவதுதான் ஆக்டிவேஷன்.

படி 1: நார் நீக்கிக் காயவைத்த சிரட்டையைக் காற்றுப் படாமல் 500 டிகிரி செல்சியஸ் வாக்கில் சுடுங்கள். சூட்டை மெதுவாக ஏற்றினால் கரி கூடுதலாக மிஞ்சும். ஆறியதும் உடைத்துச் சலித்து, ஒரே அளவுத் துண்டுகளாக எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 2: உலைக்குள் நைட்ரஜன் விட்டுக் காற்றை வெளியேற்றி, 850–900 டிகிரிக்கு ஏற்றுங்கள். அப்புறம்தான் நீராவி. நீராவி கரியை அரித்து, கார்பன் மோனாக்சைடாகவும் ஹைட்ரஜனாகவும் வெளியே வரும். இரண்டும் தீப்பற்றும், முதலாவது ஆளையே கொல்லும். வாயுவை வெளியேற்ற வழியில்லாத அறையில் இதைத் தொடவே வேண்டாம்.

சிக்கல் வருவது இங்கேதான். இந்த வினை வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். நீராவி நுழைந்ததும் கரியின் சூடு இறங்கிவிடும். உலைச் சுவரில் உள்ள மீட்டரோ 900 என்றே காட்டிக்கொண்டிருக்கும். அதை நம்பி மணிக்கணக்கில் நீராவி விட்டாலும் துளை திறக்காது. சூட்டை அளக்கும் தெர்மோகப்பிளின் முனை கரிக்குள் புதைந்திருக்கட்டும்.

அதற்காகச் சூட்டைக் கண்டபடி ஏற்றவும் கூடாது. வினை வேகம் மிஞ்சினால் நீராவி உள்ளே போகுமுன் மேற்பரப்பிலேயே தீர்ந்துவிடும். துண்டு சிறுக்கும், துளை கூடாது. காற்று கசிந்தாலும் இதே கதைதான்.

படி 3: நிறுத்துவது. கடிகாரத்தைப் பார்க்காதீர்கள், எடையைப் பாருங்கள். 100 கிராம் கரி 60 கிராம் ஆனால் இழப்பு 40 சதவீதம். முதலில் தார் போய், 2 நானோமீட்டருக்கும் குறைவான நுண்துளைகள் திறக்கும். பாதிக்கு மேல் போனால் பக்கத்துத் துளைகளின் சுவர் கரைந்து இரண்டும் ஒன்றாகும். கரியும் விரலிடுக்கில் பொடியும். குடிநீருக்கு என்றால் நான் 40ஐ ஒட்டியே நிறுத்திவிடுவேன்.

பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சேர்த்தால் பரப்பளவு இன்னும் கூடும், உண்மைதான். ஆனால் அது பாத்திரத்தை அரிக்கும், கழுவி மாளாது. தொடங்குபவருக்கு நீராவியே போதும்.

பின்சேர்க்கை: அயோடின் எண் (ஒரு கிராம் கரி எவ்வளவு அயோடினை உறிஞ்சும் என்ற அளவு) நன்றாக வருகிறது, மெத்திலீன் நீலச் சாயம் மட்டும் நீங்கவில்லை என்று சிலர் கேட்டிருந்தீர்கள். கரி கெட்டுப்போகவில்லை. அயோடின் சின்ன மூலக்கூறு, நுண்துளைக்குள் புகுந்துவிடும். அந்தச் சாயத்துக்கு அகலமான துளை வேண்டும். எடை இழப்புக் கணக்கு உதைக்கிறது என்பவர்கள், கரியை நைட்ரஜனிலேயே ஆறவிட்டு உடனே எடை போடுங்கள். திறந்து வைத்தால் காற்றின் ஈரத்தை இழுத்து, இழப்பைக் குறைத்துக் காட்டும்.