வடையின் ஐகாரக் குறி இடம் மாறிய கதை

தமிழ்நாட்டிலிருந்து பினாங்குக்கு வந்து, தனியாக வரைகலை வேலை எடுத்துச் செய்யத் தொடங்கிய புதிது. ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் ஓர் உணவகத்துக்கு மெனு அட்டை. பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் 'இட்லி', 'சாதம்', 'பாயசம்' எல்லாம் சரியாக விழுந்தன. 'வடை'யில் மட்டும் ஐகாரக் குறி டகரத்துக்குப் பின்னால் போய் நின்றது. 'தோசை'யும் சிதறியது. பட்டியலின் தொடக்கத்தை மட்டும் பார்ப்பவர் கண்ணில் இது படவே படாது.

எழுத்துருதான் காரணம் என்று லதாவிலிருந்து நோட்டோவுக்கு மாற்றினேன், பலனில்லை. மென்பொருளை நீக்கி மறுபடி நிறுவினேன், அதே கதை. பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்தால் சரியாகத் தெரிந்தது. ஆனால் அது யூனிகோடு (எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு) அல்ல. பிடிஎஃப்பில் தமிழில் தேட முடியாது. அதை நான் ஏற்கவில்லை.

தீர்வு பத்தி அமைப்பில் இருந்தது. பாராகிராஃப் பலகத்தின் மூலை மெனுவைத் திறந்து, 'அடோபி வேர்ல்ட்-ரெடி பாராகிராஃப் கம்போசர்' (பத்தியில் எழுத்துகளை அடுக்கும் முறை) என்பதைத் தேர்ந்தெடுத்ததும் குறிகள் தத்தம் இடத்துக்கு வந்தன.

ஒன்றைக் கவனியுங்கள்: இந்த அமைப்பு பத்திக்குப் பத்தி தனி. விலைப்பட்டியல் சரியான பிறகும் அடிக்குறிப்பு உடைந்தே கிடந்தது. பாராகிராஃப் ஸ்டைலில் 'ஜஸ்டிஃபிகேஷன்' பகுதியிலேயே கம்போசரை மாற்றிவிட்டேன். அட்டை அன்று மாலையே அச்சுக்குப் போனது.