விட்ஜெட்டுகள் தாங்களாகவே பேசிக்கொள்ள என்ன செய்வது

பயனர் தன் முகப்புப் பக்கத்தில் ஒரு நாட்காட்டி, ஒரு வேலைப் பட்டியல் என்று இரண்டு விட்ஜெட்டுகளை (பக்கத்தில் வைக்கும் சிறு செயலிகளை) இழுத்துப் போடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாட்காட்டியில் 14ஆம் தேதியைத் தட்டினால் பட்டியலில் அன்றைய வேலைகள் மட்டும் வர வேண்டும் என்றுதான் எதிர்பார்ப்பார். அமைப்புகளுக்குப் போய் இதை அதோடு இணைக்கச் சொன்னால் யாரும் போகப் போவதில்லை. அதனால் இணைப்பை நாம்தான் செய்து கொடுக்க வேண்டும்.

நாட்காட்டியின் நிரலுக்குள்ளேயே பட்டியலைக் கூப்பிட்டுவிடலாமே என்று தோன்றும், அதை மட்டும் செய்யாதீர்கள். பக்கத்தில் எது இருக்கும் எது இருக்காது என்பது பயனர் கையில் இருக்கிறது. தவிர, பத்து விட்ஜெட்டுகள் இருந்து ஒவ்வொன்றும் மற்ற ஒன்பதையும் தெரிந்து வைத்திருக்க வேண்டுமென்றால் மொத்தம் 90 இணைப்புகள், யார் பராமரிப்பது?

அதற்குப் பதில் ஒவ்வொரு விட்ஜெட்டும் ‘நான் இன்னதைத் தருவேன், இன்னதை ஏற்பேன்’ என்று தன் அறிவிப்புக் கோப்பில் எழுதி வைக்கட்டும், நடுவில் இருந்து செய்திகளைக் கடத்தும் நிரலான ஹப் பொருத்தம் பார்க்கட்டும். இது பழைய யோசனைதான். ஜாவா போர்ட்லெட்டுகளுக்கு (போர்ட்டல் என்னும் இணைய முகப்புத் தளத்தில் வைக்கும் விட்ஜெட்டுகளுக்கு) 2003இல் வந்த ஜேஎஸ்ஆர் 168 தரநிலையில் இப்படி ஈவென்ட் (நிகழ்வுச் செய்தி) அனுப்ப வழியில்லை, 2008இல் ஜேஎஸ்ஆர் 286 அதைக் கொண்டுவந்தது. போர்ட்லெட் எந்த ஈவென்ட்டை வெளியிடும், எதைக் கையாளும் என்று அறிவித்துவிட்டால் கொண்டுபோய்ச் சேர்ப்பது போர்ட்டலின் வேலை. இன்றைக்கு ஜாவாஸ்கிரிப்ட்டில் எழுதினாலும் இதே கணக்குதான்.

எல்லாமே பெயரில் இருக்கிறது. நான் முதலில் தரவு வகையை மட்டும் வைத்துப் பொருத்தினேன்: எண் தருகிறவனுக்கும் எண் கேட்கிறவனுக்கும் கல்யாணம். ஆர்டர் பட்டியலில் ஒரு வரியைத் தட்டியதும் வானிலை விட்ஜெட் அந்த ஆர்டர் எண்ணை அஞ்சல் குறியீடாக எடுத்துக்கொண்டு ஏதோ ஓர் ஊரில் மழை என்று காட்டியது! இரண்டுமே ஆறு இலக்கம், ஹப்பைக் குறை சொல்ல முடியாது. அன்றிலிருந்து ‘எண்’, ‘சரம்’ (எழுத்துத் தொடர்) என்று பொதுவாக எதையும் அறிவிக்க விடுவதில்லை, ‘ஆர்டர்.எண்’, ‘இடம்.அஞ்சல்குறியீடு’ என்று பொருளோடு சேர்த்துத்தான் பெயர். புதுப் பெயர் வேண்டுமென்றால் பொதுப் பட்டியலில் சேர்த்த பிறகே பயன்படுத்தலாம், இல்லாவிட்டால் ஒருவர் ‘தேதி’ என்பார், இன்னொருவர் ‘நாள்’ என்பார், ஒன்றும் இணையாது.

சரி, விட்ஜெட் பக்கத்தில் விழுந்ததும் ஹப் என்ன செய்ய வேண்டும்? அது ஏற்கும் ஒவ்வொரு பெயருக்கும் தருகிறவர் யார் என்று தேடும். ஒரே ஒருவர் இருந்தால் உடனே இணைத்துவிட்டு, கடைசியாக வந்த மதிப்பையும் கையோடு கொடுத்துவிட வேண்டும். இதை மறந்தால், ஏற்கெனவே தேதி தேர்ந்திருக்கும் பக்கத்தில் புதிதாக வந்த பட்டியல் மட்டும் வெறுமனே உட்கார்ந்திருக்கும். இரண்டு நாட்காட்டிகள் இருந்தால் ஊகிக்காதீர்கள், எதோடு சேர்ப்பது என்று ஒரு வரியில் கேட்டுவிடுங்கள். பயனர் தானே ஓர் இணைப்பை வெட்டிவிட்டால் அதையும் சேமித்து வையுங்கள், மறுநாள் திரும்ப ஒட்டிக்கொண்டு நின்றால் எரிச்சல்தான் வரும்.

பெரிய தலைவலி சுழல், அதாவது இரண்டு விட்ஜெட்டுகள் ஒன்றுக்கொன்று முடிவில்லாமல் செய்தி அனுப்பிக்கொண்டே இருப்பது. வரைபடமும் கிளைப் பட்டியலும் இரண்டுமே ‘இடம்’ தரும், ஏற்கும். மதிப்பு மாறினால் மட்டும் அனுப்பு என்று ஒரு நிபந்தனை போட்டால் தீர்ந்தது என்று நினைப்போம், ஆனால் வரைபடம் ஆயத்தொலைவை ஐந்தாவது தசமத்தில் முழுமையாக்கித் திருப்பி அனுப்பும், பட்டியல் அருகிலுள்ள கிளையின் ஆயத்தொலைவைப் பதிலாகத் தரும், மதிப்பு ஒவ்வொரு முறையும் ‘மாறிக்கொண்டே’ இருக்கும், கணினியின் மின்விசிறி அலறும். ஒவ்வொரு செய்தியோடும் அது கடந்து வந்த விட்ஜெட்டுகளின் பட்டியலைச் சேர்த்து அனுப்புங்கள், ஏற்கெனவே கடந்த இடத்துக்கு ஹப் திரும்பக் கொடுக்காது. இதற்கு ஒரு நிபந்தனை உண்டு: வந்த செய்திக்குப் பதிலாக விட்ஜெட் எதையாவது வெளியிட்டால், அந்த வரலாற்றையும் மறக்காமல் சேர்த்தே வெளியிட வேண்டும்.

விட்ஜெட்டை நீக்கும்போது அதன் சந்தாக்களையும் (எந்தச் செய்தி வேண்டும் என்று ஹப்பில் செய்த பதிவுகளையும்) நீக்குங்கள், இல்லையென்றால் கண்ணுக்குத் தெரியாத பேய்கள் பின்னால் வேலை செய்துகொண்டிருக்கும். வெளியார் விட்ஜெட் ஐஃப்ரேமுக்குள் (பக்கத்துக்குள் பதித்த இன்னொரு பக்கத்துக்குள்) இருந்தால், உலாவி தரும் செய்தி அனுப்பும் வசதியான போஸ்ட்மெசேஜ்தான் வழி. வரும் செய்தியின் ஆரிஜினை (எந்தத் தள முகவரியிலிருந்து வருகிறது என்பதை) சரிபார்க்காமல் எதையும் ஹப்புக்குள் விடாதீர்கள், அனுப்பும்போதும் இலக்கு ஆரிஜினில் ‘யாருக்கு வேண்டுமானாலும்’ என்று பொருள்படும் நட்சத்திரக் குறி போட்டுவிட்டு நகராதீர்கள். அப்புறம், அந்த விட்ஜெட் ‘வாடிக்கையாளர்.மின்னஞ்சல்’ ஏற்பதாக அறிவித்திருந்தால் தானாக இணைக்கவே வேண்டாம், பயனரிடம் அனுமதி கேட்ட பிறகு கொடுங்கள்.

முடித்ததும் நான் செய்யும் சோதனை இதுதான்: பட்டியலை முதலிலும் நாட்காட்டியை அப்புறமும் போட்டுப் பார்ப்பேன், பிறகு வரிசையை மாற்றிப் போட்டு, நடுவில் பக்கத்தை ஒருமுறை புதுப்பிப்பேன். மூன்றிலும் 14ஆம் தேதியைத் தட்டியவுடன் அதே வேலைகள் வந்தால் வெளியிட்டுவிடலாம்.