பழைய காட்டன் சேலையில ஒரு குட்டி யானை: தையல் மெஷின் இல்லாம, கையாலயே

கட்டவும் முடியாம தூக்கிப் போடவும் மனசு வராம ஒரு காட்டன் சேலை எல்லார் வீட்டு பீரோவுலயும் கிடக்கும், அதை எடுத்து வச்சுக்கோங்க. கூட ஒரு பழைய வேட்டி, கத்திரி, ஊசி, நூல், பென்சில், ஒரு ஏ4 பேப்பர், ஒரு டஜன் குண்டூசி. வாங்க வேண்டியதுன்னு பார்த்தா பஞ்சும், கண்ணு போட எம்ப்ராய்டரி நூலும் மட்டும்தான். ஆன்லைன்ல பொம்மை செய்ற கிட்னு விக்கிறாங்க, அதெல்லாம் இப்போதைக்கு வேணாம், அதுல வர்ற ஃபெல்ட் துணி நாலு தடவ துவைச்சா முடி எழும்பிப் போயிடும்.

ஏன் யானைன்னு கேட்டீங்கன்னா, மனுஷ பொம்மைக்கு கழுத்து, கை, முடின்னு வேலை ஜாஸ்தி, கழுத்து துவண்டு போய் தலை தொங்கும். யானைக்கு கழுத்துப் பிரச்சனையே இல்ல, பக்கவாட்டுல வரைஞ்சா ரெண்டே ரெண்டு துண்டு, கொஞ்சம் கோணலா வந்தாலும் யானை யானையாத்தான் தெரியும். முதல் பொம்மைக்கு இதைவிட வேற என்ன வேணும்.

ஒண்ணு மட்டும் முன்னாடியே சொல்லிடுறேன். பொம்மை அழகா இருக்கணும்னு நாம நினைப்போம், பிள்ளை அதை வாயில வச்சுக் கடிக்கும், தும்பிக்கையப் பிடிச்சுத் தரையில இழுத்துட்டுப் போகும், சாம்பார்ல முக்கும். அதனால எந்த இடத்துல யோசனை வந்தாலும் "இழுத்தா தாங்குமா, துவைச்சா நிக்குமா" இந்த ரெண்டையும்தான் முதல்ல கேட்டுக்கணும்.

சேலையப் பார்த்து எடுக்குறது

சேலையோட உள்சுத்துப் பகுதி, அதாவது இடுப்புல முதல்ல சொருகுற பக்கம், அதுதான் வெயில் படாம தேயாம நல்லா இருக்கும். கொசுவம் வர்ற இடமும் கீழ் ஓரமும் உரசி உரசி நூல் நைஞ்சு போயிருக்கும். ரெண்டு கட்டை விரலையும் சேர்த்து வச்சு துணிய இழுத்துப் பாருங்க, டர்ருன்னு கிழிஞ்சா அது கரித்துணிக்குத்தான் லாயக்கு.

அடுத்தது சாயம். வெள்ளைத் துணிய நனைச்சு சேலை மேல அழுத்தித் தேயுங்க, கலர் ஒட்டுச்சுன்னா அந்தச் சேலை வேணாம். கல்லுப்புத் தண்ணில ஊற வச்சா சாயம் நிக்கும்னு நம்ம வீட்டுப் பெரியவங்க சொல்வாங்க, ஆனா பிள்ளை வாயில வைக்கிற பொருளுக்கு நான் அதை நம்ப மாட்டேன். சின்னாளபட்டி சுங்குடி மாதிரி அடர் கலர் சேலைங்க புதுசா இருக்கும்போது சாயம் விடும், வருஷக்கணக்கா கட்டித் துவைச்சதுன்னா பெரும்பாலும் பிரச்சனை வராது, எதுக்கும் தேய்ச்சுப் பார்த்துட்டே வெட்டுங்க. ஜரிகை உள்ள பகுதி ஆகவே ஆகாது, கன்னத்துல கீறும். கஞ்சி போட்ட சேலைன்னா நல்லா அலசிக் காய வச்சு இஸ்திரி போட்டுக்கோங்க, கஞ்சி இருந்தா பூச்சி வரும்.

சேலைத் துணி மெலிசு, பஞ்சை அடைச்சா தையல் ஓரத்துல நூல் விலகிப் பல்லிளிக்கும். அதனால உள்பக்கம் பழைய வேட்டித் துணி ஒரு அடுக்கு வச்சுக்கோங்க. நிறைய பேர் விட்டுடுற விஷயம் இது, பொம்மை ஒரு மாசத்துல பிரிஞ்சு போறதுக்கு முக்கால்வாசி இதுதான் காரணம்.

பேட்டர்ன் வரையுறது

ஏ4 பேப்பரைப் படுக்க வச்சு 22 செ.மீ. நீளம், 16 செ.மீ. உயரத்துக்குள்ள ஒரு யானையப் பக்கவாட்டுல வரைங்க. முன்னாடி ஒரு கால், பின்னாடி ஒரு கால், நாலு கால் வேணாம். காலு 5 செ.மீ. அகலம், தும்பிக்கை நாலரை செ.மீ.க்குக் குறையக் கூடாது, ஏன்னா தைச்சு முடிச்சு உள்பக்கத்த வெளிய திருப்பும்போது ஒல்லியா இருந்தா சிக்கிக்கிட்டு வரவே வராது. தும்பிக்கைய ரொம்ப வளைக்காதீங்க, லேசா கீழ இறங்குனா போதும். தந்தம் வேணாம். எங்கயும் கூர்மையா மூலை வராம எல்லாத்தையும் வட்டமா ஓட்டுங்க.

வால், காது இதுல வராது, காது தனியா 7 செ.மீ. அகலத்துல அரசிலை மாதிரி, உடம்போட சேர்ற பக்கம் மட்டும் நேரா ஒண்ணு வரைஞ்சு வெட்டி வச்சுக்கோங்க.

வெட்டுறது

சேலைத் துணிய நல்ல பக்கம் உள்ள இருக்கிற மாதிரி ரெண்டா மடிங்க. இப்படி மடிச்சு வெட்டுனாத்தான் ஒரு யானை இந்தப் பக்கமும் இன்னொண்ணு அந்தப் பக்கமும் பார்க்கிற மாதிரி ஜோடியா வரும், தனித்தனியா வெட்டுனா ரெண்டும் ஒரே பக்கம் பார்த்துட்டு நிக்கும், சேரவே சேராது. யானையோட கால் சேலையோட நீளவாக்குல இருக்கட்டும், அந்த வாக்குல துணி இழுபடாது, குறுக்கா சாய்ச்சு வெட்டுனா பஞ்சு அடைக்க அடைக்க கால் நீண்டுக்கிட்டே போகும்.

பேப்பரை வச்சு பென்சிலால சுத்தி வரைங்க. அந்தக் கோட்டு மேலதான் தையல் வரப் போகுது, வெட்டுறது அந்தக் கோட்டுக்கு வெளிய 1 செ.மீ. தள்ளி. வேட்டித் துணியிலயும் இதே மாதிரி ரெண்டு. காதுக்கு நாலு துண்டு, ஜரிகை இல்லாத பார்டர் இருந்தா காதுக்கு அதை எடுங்க, ரொம்ப எடுப்பா இருக்கும்.

கண்ணு, காது, வாலு, இதெல்லாம் முதல்லயே

உடம்பத் தைச்சு பஞ்செல்லாம் அடைச்சிட்டு அப்புறம் கண்ணு வைக்கப் போனா முடிச்ச எங்க ஒளிக்கிறதுன்னு தெரியாம வெளிய நீட்டிக்கிட்டு நிக்கும். துணி தட்டையா இருக்கும்போதே வச்சிட்டா முடிச்செல்லாம் உள்பக்கம் போயிடும், பிள்ளை கைக்கு எட்டாது.

சேலைத் துண்டையும் வேட்டித் துண்டையும் ஒண்ணு மேல ஒண்ணு வச்சு கண்ணு வர்ற இடத்துல எம்ப்ராய்டரி நூலால சின்ன வட்டம் போடுங்க. அந்த நூல் ஆறு இழையா வரும், மூணு இழைய மட்டும் பிரிச்சு எடுத்துக்கிட்டா போதும். சங்கிலித் தையல் தெரிஞ்சா அதுல சுத்திச் சுத்திப் போடுங்க, தெரியாட்டி நெருக்கமா நாலஞ்சு கோடு.

பட்டன், பாசி, கடையில விக்கிற ஆடுற கண்ணு, எதுவும் 3 வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைக்கு வேணவே வேணாம். பொம்மைய டெஸ்ட் பண்ற இடத்துல 31.7 மி.மீ. விட்டத்துல ஒரு சின்ன உருளை வச்சிருப்பாங்க, அதுக்குள்ள முழுசா அடங்குற எந்தச் சின்னப் பொருளும் அந்த வயசுப் பிள்ளை தொண்டைல சிக்கலாம்னு கணக்கு. பட்டனெல்லாம் அதுக்குள்ள தாராளமாப் போகும். "நான் கெட்டியாத் தைச்சிருக்கேனே"ன்னா, நூலு என்னைக்காவது நையத்தானே போகுது. உள்ள சலங்கை வைக்கலாமான்னு கேப்பீங்க, அதுவும் இதே கதைதான். க்ளூ கன்ல ஒட்டுறதும் வேணாம், துவைக்கத் துவைக்க உரிஞ்சு வந்துடும்.

காதுக்கு ரெண்டு ரெண்டு துண்டா நல்ல பக்கம் உள்ள வச்சுத் தைச்சு, நேரா இருக்கிற பக்கத்த மட்டும் விட்டு, திருப்பி, அந்த ஓரத்த உள்ள மடிச்சு உடம்புத் துண்டு மேல வச்சுத் தைங்க. பஞ்சு வேணாம், தொங்கட்டும். வாலுக்கு மூணு துணி நாடாவ ஜடை பின்னி, நுனியில முடிச்சுப் போட்டா ஆச்சு, 8 செ.மீ.க்கு மேல போக வேணாம், நீளமா இருந்தா விரல்ல சுத்திக்கும்.

தையல்

இப்ப ரெண்டு யானையையும் நல்ல பக்கம் உள்ள இருக்க சேர்த்து வைங்க, காது ரெண்டும் உள்ள மடங்கி இருக்கட்டும், வாலும் உள்ள படுத்திருக்கணும், அதோட அடி மட்டும் தையல் கோட்டைத் தாண்டி வெளிய ஒரு செ.மீ. நீட்டட்டும். வெளிப்பக்கம் வேட்டித் துணிதான் தெரியும், பார்க்க மாறி இருக்கேன்னு பயப்படாதீங்க. குண்டூசி குத்துங்க. எத்தனை குத்துனீங்கன்னு எண்ணி ஒரு பேப்பர்ல எழுதிக்கோங்க, காரணம் பின்னாடி வருது.

நூல் விரல் நுனியிலருந்து முழங்கை வரைக்கும் இருந்தா போதும், ரெட்டையாக் கோத்துக்கோங்க. நீள நூல் எடுத்தா வேலை சீக்கிரம் முடியும்னு தோணும், ஆனா சிக்கெடுக்கவே நேரம் போயிடும். மெழுகுவத்தி மேல ஒரு இழுப்பு இழுத்துட்டுத் தைச்சா நூல் முறுக்கிக்காது.

போட வேண்டியது பின் தையல், சாதாரண ஓட்டுத் தையல் இல்ல. ஊசிய கீழருந்து மேல எடுங்க, ஒரு தையல் அளவு பின்னாடி போய்க் குத்துங்க, அடியில ரெண்டு தையல் அளவு முன்னாடி வந்து மேல எடுங்க, மறுபடி பின்னாடி போய் முந்தின தையல் முடிஞ்ச இடத்துலயே குத்துங்க. மேல பார்த்தா மெஷின்ல தைச்ச மாதிரி இடைவெளி இல்லாம வரும். ஒரு தையல் 3 மி.மீ., அதுக்கு மேல போனா பஞ்சு எட்டிப் பார்க்கும். ஓட்டுத் தையல்ல ஒரு இடம் அறுந்தா மொத்தமும் உருவிக்கிட்டு வரும், பின் தையல்ல அவ்ளோ சுலபமா உருவாது, அதுக்குத்தான் இந்தக் கஷ்டம். டிவி பார்த்துக்கிட்டே தைக்கலாம், பிள்ளை தூங்குற நேரம் ரெண்டு மூணு மத்தியானம் போதும், ஒரே நாள்ல முடிக்கணும்னு யாரும் கேக்கப் போறதில்ல.

முதுகுல 6 செ.மீ. மட்டும் தைக்காம விடுங்க. தும்பிக்கைக்குக் கீழ வர்ற வளைவு, காலு ரெண்டுக்கும் நடுவுல வர்ற வளைவு, வாலு சேர்ற இடம், இங்கெல்லாம் இன்னொரு வரி தையல் மேலயே போட்டுடுங்க.

அடுத்து கத்திரியோட நுனிய வச்சு உள்வளைவுல சின்னச் சின்னதா வெட்டு குடுக்கணும், தையலுக்கு 2 மி.மீ. முன்னாடி நின்னுடணும். இதைச் செய்யலைன்னா திருப்புனதும் அந்த இடமெல்லாம் சுருக்கு விழுந்து இழுத்துப் பிடிக்கும். வெளிவளைவுல, அதாவது தலை மேல, பாதத்துல, குட்டிக் குட்டி முக்கோணமா வெட்டி எடுத்துடுங்க.

இப்ப குண்டூசிய எண்ணுங்க. எழுதி வச்ச கணக்கும் டப்பாவுல உள்ளதும் சரியா வந்தாத்தான் அடுத்த வேலை. ஒண்ணு குறைஞ்சாலும் தேடுங்க, பஞ்சுக்குள்ள போயிட்டா அப்புறம் கண்டுபிடிக்க முடியாது.

திருப்பி, பஞ்சு அடைக்கிறது

தும்பிக்கைய முதல்ல உள்ள தள்ளித் திருப்புங்க, கரண்டிக் காம்பு வச்சு மெதுவாத் தள்ளலாம், கத்திரி நுனிய வச்சுத் தள்ளுனா ஓட்டை விழும்.

எந்தப் பஞ்சுன்னு பெரிய விவாதமே நடக்கும். இலவம்பஞ்சு எனக்கும் பிடிக்கும், போடி பக்கத்துலருந்து வர்ற பஞ்சுல தலையணை தைச்சா அந்த சுகமே தனி. ஆனா பொம்மைக்கு நான் ஃபைபர் பஞ்சுன்னுதான் சொல்வேன். இலவம்பஞ்சு துவைச்சா கட்டி கட்டியாத் திரண்டுக்கும், மெல்லிசான தூசி மாதிரி வெளிய வரும், இளைப்பு உள்ள பிள்ளைங்களுக்கு ஒத்துக்காது. ஃபைபர் பஞ்சு கால் கிலோ வாங்குனா மிச்சமாகும். துணித் துண்டுகளை வெட்டிப் போட்டும் அடைக்கலாம், பொம்மை கனமா வரும், காய லேட்டாகும்.

பஞ்ச உருண்டையா உருட்டிப் போடாதீங்க, மேடு பள்ளமாத் தெரியும். நெல்லிக்காய் அளவு எடுத்துப் பிச்சு உதறி முதல்ல தும்பிக்கை நுனி, அப்புறம் பாதம், கால், கடைசியா வயிறு. காலும் உடம்பும் சேர்ற இடத்துல நல்லா அழுத்தி அடைச்சாத்தான் நிக்கும், இல்லாட்டி கால் மடங்கிப் போய் உக்காந்துரும்.

முதுகுல விட்ட ஓட்டைய மூட மறைதையல். ரெண்டு ஓரத்தையும் உள்ள மடிச்சு, இந்தப் பக்க மடிப்புக்குள்ள ஒரு குத்து, அந்தப் பக்க மடிப்புக்குள்ள ஒரு குத்து, ஏணி மாதிரி மாறி மாறிப் போய் நூல இழுத்தா ரெண்டும் சேர்ந்துக்கும். அது மேல மிச்ச பார்டர் துணில ஒரு சின்னப் போர்வை வச்சு நாலு பக்கமும் தைச்சிட்டா தையலும் மறையும், கோயில் யானை மாதிரி ஜம்முன்னு இருக்கும். முடிஞ்சதும் தும்பிக்கை, காது, வாலு ஒவ்வொண்ணையும் பலமா இழுத்துப் பாருங்க, எதுவும் அசையக் கூடாது.

துவைக்கணும்னா தலையணை உறைக்குள்ள போட்டுக் கட்டி மெஷின்ல போடலாம், வெயில்ல நல்லாக் காயணும், மேல காஞ்சிருக்கும் உள்ள ஈரம் இருக்கும், அமுக்கிப் பார்த்துக் குடுங்க. ஒரு வயசுக்குள்ள உள்ள பிள்ளை தூங்கும்போது தூளியிலயோ பக்கத்துலயோ இதைப் போட்டு வைக்காதீங்க, மூக்குல அழுத்திட்டா அதுக்கு விலக்கத் தெரியாது. முழிச்சிருக்கும்போது, நாம பக்கத்துல இருக்கும்போது விளையாடட்டும்.

இதை செஞ்சு விக்கலாமேன்னு யாராச்சும் உசுப்பேத்துவாங்க. 14 வயசுக்குக் கீழ உள்ளவங்களுக்கான பொம்மைக்கு 2021 ஜனவரி 1 முதல் இந்தியாவுல ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம், பதிவு செஞ்ச கைவினைக் கலைஞர்களுக்கு விலக்கு இருக்கு. விதிய விசாரிச்சிட்டு இறங்குங்க.

பிள்ளையும் யானையும் ஒரு போட்டோ

கேமரா வேணாம், போன் போதும். முதல்ல லென்ஸ முந்தானைல துடைங்க, நம்ம போன்ல எப்பவும் எண்ணெய்க் கைரேகை இருக்கும், பாதி போட்டோ மங்கலா வர்றது அதனாலதான்.

காலைல ஒரு ஜன்னல் பக்கத்துல பாய விரிச்சுப் பிள்ளைய யானையோட உக்கார வைங்க. நேரடி வெயில் மூஞ்சில அடிக்கக் கூடாது, வெளிச்சம் பக்கவாட்டுலருந்து வரணும். டியூப் லைட்ட அணைச்சிடுங்க, ரெண்டு வெளிச்சம் கலந்தா ஒரு கன்னம் ஒரு கலரும் இன்னொரு கன்னம் வேற கலருமா வரும். இருட்டா இருக்கிற பக்கத்துல ஒரு வெள்ளை வேட்டியையோ தெர்மாகோலையோ நிறுத்தி வச்சா நிழல் குறையும். அப்புறம் நீங்க தரையில படுங்க. ஆமா, படுங்க. பிள்ளை கண்ணு உயரத்துக்கு போன் வரணும், மேலருந்து எடுத்தா தலைதான் பெருசாத் தெரியும்.

"இங்க பாரு, சிரி"ன்னு சொல்லாதீங்க, பல்லக் கடிச்சுக்கிட்டு ஒரு சிரிப்பு வரும் பாருங்க, தாங்காது. யானைக்கு சோறு ஊட்டச் சொல்லுங்க, அது பாட்டுக்கு விளையாடும், நீங்க தொடர்ந்து படமா எடுக்கிற பர்ஸ்ட்ல பத்துப் பதினஞ்சு தட்டிட்டு அப்புறம் உக்காந்து தேர்ந்தெடுங்க. பின்னாடி உள்ளத மங்கலாக்குற போர்ட்ரெய்ட் மோடு ஓடி ஆடுற பிள்ளைக்கு வேணாம், முடி ஓரமெல்லாம் வெட்டி ஒட்டுன மாதிரி வரும்.

இன்னொண்ணு, வீட்ல எல்லா போட்டோவையும் நாமளே எடுக்கிறதால ஆல்பத்துல அம்மாவைத் தேடணும். போன ஒரு சம்படத்து மேல சாய்ச்சு வச்சு பத்து செகண்ட் டைமர் போட்டுட்டு நீங்களும் போய்ப் பாயில உக்காருங்க, நைட்டியோட இருந்தாலும் பரவால்ல.

பிரிண்ட் போடுறதா இருந்தா, 10க்கு 15 செ.மீ. சைஸ்ல தெளிவா வர 1200க்கு 1800 பிக்சல் போதும், எந்த போன்லயும் அதைவிடப் பெருசாவே வரும். ஆனா வாட்ஸ்அப்ல சாதாரணமா அனுப்புனா படம் சுருங்கிடும், ஸ்டுடியோக்கார அண்ணனுக்கு டாக்குமெண்ட்டா அனுப்புங்க, இல்லாட்டி பென் டிரைவ்ல குடுத்துடுங்க.