கமிட் வரலாற்றைச் சீர்செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நிரல் மாற்றங்களின் வரலாற்றைப் பதிந்துவைக்கும் கருவியான கிட், பழைய கமிட்டை (முன்பு பதிந்த ஒரு மாற்றத்தை) ஒருபோதும் திருத்துவதில்லை. அதன் இடத்தில் புதிதாக ஒன்றை உருவாக்குகிறது. கோப்புகளின் உள்ளடக்கம், செய்தி, எழுதியவர், நேரம், முந்தைய கமிட்டின் ஹாஷ் (அடையாளக் குறியீடு) எல்லாவற்றையும் வைத்தே ஒரு கமிட்டின் ஹாஷ் கணக்கிடப்படுகிறது. ஆகவே பத்து கமிட்டுகளுக்கு முன்னால் போய்ச் செய்தியில் ஓர் எழுத்துப்பிழையைத் திருத்தினாலும், அதற்குப் பின் வந்த அனைத்தும் புதிய ஹாஷ் பெறுகின்றன. ரீபேஸ் செய்து, அதாவது கமிட்டுகளை மீண்டும் அடுக்கி எழுதி, சிக்கிக்கொள்பவர்களில் பலர் இதை மறந்தவர்கள்தான்.

பிறர் ஏற்கெனவே எடுத்துப் பயன்படுத்தும் கிளையை (கமிட்டுகளின் ஒரு தனி வரிசையை) மாற்றியெழுதுவதுதான் மிகப் பெரிய தவறு. சக ஊழியரிடம் பழைய கமிட்டுகள் இருக்கும். சர்வரில் புதியவை இருக்கும். அவர் புல் செய்து (சர்வரில் உள்ளதை எடுத்து) இரண்டையும் இணைத்தால், ஒரே மாற்றம் வரலாற்றில் இரண்டு முறை வரும். நீங்கள் வேண்டாமென்று நீக்கிய கமிட்டும் திரும்ப வந்துவிடும். உங்கள் சொந்தக் கிளையில் தாராளமாக மாற்றுங்கள். மெயின், ரிலீஸ் கிளைகளைத் தொடாதீர்கள். மறுஆய்வு நடந்துகொண்டிருக்கும்போதும் பொறுமை வேண்டும்: திருத்தங்களை ஃபிக்ஸ்அப் எனக் குறித்த தனிக் கமிட்டுகளாகச் சேர்த்துவைத்து, ஒப்புதல் கிடைத்த பிறகு ரீபேஸின் ஆட்டோஸ்குவாஷ் வசதி மூலம் உரிய இடத்தில் சேர்க்கலாம். அப்போதுதான் ஆய்வாளர், தாம் பார்த்தபின் மாறியது எது என்று அறிய முடியும்.

மாற்றியெழுதியதை சர்வருக்கு அனுப்பும்போது (புஷ்) வெறும் ஃபோர்ஸ் விருப்பத்தைக் கொடுப்பவர்கள் பலர். சர்வரில் எது இருந்தாலும் அதை ஃபோர்ஸ் மேலெழுதிவிடும். ஃபோர்ஸ்-வித்-லீஸ் கொடுத்தால், நீங்கள் கடைசியாகக் கண்ட நிலையிலேயே சர்வர் இருந்தால்தான் புஷ் நடக்கும். இதிலும் ஓர் ஓட்டை உண்டு. பின்னணியில் தானாக ஃபெட்ச் செய்யும் (சர்வரின் புதிய நிலையை எடுத்துவரும்) எடிட்டர் இருந்தால், பிறருடைய புதிய கமிட்டை நீங்கள் பார்க்காமலேயே ‘கண்டதாக’ கிட் எடுத்துக்கொள்ளும். கிட் 2.30 பதிப்பில் வந்த ஃபோர்ஸ்-இஃப்-இன்க்ளூட்ஸ் விருப்பத்தை உடன் சேர்த்தால் அந்த ஓட்டை பெரும்பாலும் அடைபடும்.

அழகுக்காக எல்லாவற்றையும் ஒரே கமிட்டாகச் சுருக்குவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். பிழை நுழைந்த இடத்தை கிட்டின் பைசெக்ட் கட்டளை பாதி பாதியாகப் பிரித்துத் தேடுகிறது. ஆயிரம் கமிட்டுகளில் ஏறக்குறைய பத்தே சோதனைகளில் குற்றவாளி அகப்படும். அகப்பட்டது நாற்பது கோப்புகளைத் தொட்ட இரண்டாயிரம் வரி கமிட் என்றால் தேடியும் பயன் குறைவு. கோப்பை இடம் மாற்றுவது, வரிகளை ஒழுங்குபடுத்துவது, தர்க்கத்தை மாற்றுவது மூன்றும் தனித்தனி கமிட்டுகளாக இருக்கட்டும். நேர்மாறான தவறும் உண்டு: இறுதி நிலை சரியாக ஓடுகிறது, இடையில் உள்ள கமிட்டுகளோ கம்பைல்கூட ஆவதில்லை. பைசெக்ட் அங்கே தடுமாறும். ரீபேஸ் கட்டளையுடன் எக்ஸெக் விருப்பத்தைச் சேர்த்து ஒவ்வொரு கமிட்டிலும் சோதனைகளை ஓட்டிப் பாருங்கள்.

சிறிய தவறுகள் சில. சாதாரண ரீபேஸ், மெர்ஜ் (இரு கிளைகளை இணைத்த) கமிட்டுகளைத் தட்டையாக்கிவிடும். அவை தேவையென்றால் ரீபேஸ்-மெர்ஜஸ் விருப்பத்தைக் கொடுக்க வேண்டும். கமிட் செய்தியில் மற்றொரு கமிட்டின் ஹாஷைக் குறிப்பிட்டிருந்தால், ரீபேஸுக்குப் பின் அது பழைய கமிட்டையே சுட்டிக்கொண்டிருக்கும். கையால்தான் மாற்ற வேண்டும்.

தொடங்குமுன் ஒரு காப்புக் கிளை போடுங்கள். கமிட்டுகளை அதே அடித்தளத்தின் மீது அடுக்கிப் பிரித்திருந்தால், முடிந்தபின் அதனுடன் டிஃப் எடுத்தால் (வேறுபாட்டைப் பார்த்தால்) வெறுமையாக வர வேண்டும். அடித்தளம் மாறியிருந்தால் இரு கமிட் வரிசைகளை ஒப்பிடும் ரேஞ்ச்-டிஃப் உதவும். கிளைகள் முன்பு எங்கே இருந்தன என்று கிட் வைத்திருக்கும் பதிவேடான ரெஃப்லாக் இருக்கிறதே என்று அதையே நம்பியிருக்க வேண்டாம். அது உங்கள் கணினியில் மட்டும் இருப்பது. கிளையின் இப்போதைய நுனியிலிருந்து எட்ட முடியாத பதிவுகள் இயல்பாக 30 நாளில் காலாவதியாகும். கமிட் செய்யாத மாற்றத்தை அது அறியாது.

கடவுச்சொல்லோ ஏபிஐ சாவியோ கமிட்டில் புகுந்துவிட்டால், வரலாற்றிலிருந்து அழித்ததும் பிரச்சினை தீர்ந்ததென்று நினைப்பது ஆபத்து. ஃபோர்க்குகளிலும் பிறருடைய குளோன்களிலும் (பிறர் எடுத்துவைத்த பிரதிகளிலும்) அது அப்படியே இருக்கும். முதலில் சாவியைச் செல்லாததாக்குங்கள். அழிப்பது அடுத்த வேலை. அதற்கு ஃபில்டர்-பிராஞ்ச் கட்டளை வேண்டாம். கிட்டின் கையேடே ஃபில்டர்-ரெப்போ கருவியைத்தான் பரிந்துரைக்கிறது. அழித்த பிறகு குழுவினர் அனைவரும் புதிதாகக் குளோன் எடுக்க வேண்டும். ஒரே ஒருவர் தம் பழைய பிரதியை மெர்ஜ் செய்து புஷ் செய்தாலும் அந்தச் சாவி மீண்டும் வரலாற்றில் வந்துவிடும்.